மூன்றாம் அத்தியாயம்

அன்புள்ளவனுக்கு,

சற்றுமுன் உன்னிடம் போனில் பேசும்போது, அத்தை கொடுத்தனுப்பிய பிளம் ஜாமைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வைத்துவிட்டேன். சொல்ல வந்தது வாயில் வரவில்லை; அதனால்தான் உடனே இந்த மின்னஞ்சல். நம் குழந்தை இலிங்காவின் கட்டிலை மலைப்பக்க ஜன்னலோரம் போடாதே.

நாளை காலை என் ஆய்வேட்டுக்கு வாய்மொழித் தேர்வு. ஒரே ஏட்டுக்கு இங்கே இத்தாலியிலும் நம் ருமேனியாவிலும் பட்டம் என்பதால் எனக்கு நெறியாளர்கள் இரண்டு பேர். நம் மலைச்சரிவு எவ்வளவு மழை தாங்கும் என்ற என் கணக்கை நம்பித்தான், மண்சரிவுக்குப் பயந்து வெளியேற்றியிருந்த உங்களையெல்லாம் போன மாதம் ஊராட்சி வீடு திரும்பச் சொன்னது.

இன்று மத்தியானம் பார்த்தேன், மூன்றாம் அத்தியாயக் கணக்கில் ஒரு படி தப்பு; நான் சொன்ன அளவு மழையைச் சரிவு தாங்காது. இங்கே என் நெறியாளர் ஜனெல்லா சாரிடம் ஓடினேன்.

"அதை உங்க ஊர் மேடம் சரிபார்த்துட்டாங்கல்லம்மா? அந்த நம்பிக்கையிலதான் கையெழுத்துப் போட்டேன்."

நம் ஊர் நெறியாளர் மொரார் மேடத்தைப் போனில் பிடித்தேன். "என்னடி சொல்றே? அந்த அத்தியாயத்தை அவர் பார்த்திருப்பார்னுல்ல நெனச்சேன்!"

"முதல்ல பட்டத்தை வாங்கு, அப்புறம் திருத்திக்கலாம்" என்கிறார்கள் இருவரும். நாளை எல்லார் முன்னாலும் எழுந்து சொல்லத்தான் போகிறேன். நாலு வருஷ உழைப்பு போனால் போகட்டும். என் பயம் அதற்காக இல்லை.

அங்கே காலையிலிருந்து மழை என்று நீதான் சொன்னாய். இதைப் படித்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, சரிவு எட்டாத அத்தை வீட்டுக்குப் போய்விடு. ஆடுகளை அவிழ்த்துவிடு. அக்கம்பக்கத்தில் எல்லார் கதவையும் தட்டு. யார் சொன்னது என்று கேட்பார்கள். கணக்குப் போட்டவளே சொன்னாள் என்று சொல்.

உன் மனைவி