தேத்தண்ணிக்கு முன்னால் முடிந்த கூட்டம்

பெப். 2, ஞாயிறு
கொதிக்கிற வெயில். மழை கண்டு எவ்வளவோ நாள். மேலே ஊற்றுத் தொட்டி பாதிக்கு இறங்கிவிட்டதாம். பின்னேரம் தண்ணீர்ச் சங்கக் கூட்டம், தலைவர் ஹாஜியார் வீட்டில். வழக்கம் போல ஆண்கள் ஹோலில், நாங்கள் உள்ளறையில்.

புதினம்: மேசை நடுவில் ஹாஜியாரின் ஃபோன். இனிமேல் கூட்டத்தை ஏஐதான் நடத்துமாம். கேள்வி கேட்கும், முடிவு சொல்லும், எல்லாவற்றையும் எழுதி குரூப்பில் போடும். "இனி சண்டை சச்சரவு இல்ல. மெஷினுக்கு சொந்தபந்தம் இல்லத்தானே" என்றார். பேங்க் மெனேஜராக இருந்தவர், இப்படியானவற்றில் ஆசை.

கூட்டத்தில் நாங்கள் வாய் திறக்கவில்லை. எப்போது திறந்தோம்? ஸலவாத் ஓதிக் கூட்டம் முடிந்து தேத்தண்ணி வந்த பிறகுதான் எங்கள் கூட்டம். ஹாஜியாரின் மனைவி ஸரீனா மாமியின் காதில், படுக்கையில் கிடக்கும் உம்மாவின் நிலைமையைச் சொன்னேன். மாமி போய் அவர் காதில். அவர் ரோல்ஸைக் கடித்தபடி, "சரி மகள், மேல் லைனுக்கு ஒவ்வொரு நாளும் தொறப்போம்" என்றார். நிம்மதியாக, மேல் லைனில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் படியேறி வந்தேன்.

நாளைக்கு: டெட்டோல், ரப்பர் ஷீட், உம்மாவின் பிரஷர் குளிசை.

பெப். 3, திங்கள்
குரூப்பில் வந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன். "கீழ் லைனில் வீடுகள் அதிகம் என்பதால் அங்கே தினமும் நீர். மேல் லைனுக்கு மூன்று நாட்களுக்கு ஒருமுறை. மேல் லைன் உறுப்பினர்கள் ஆட்சேபனை தெரிவிக்கவில்லை. முடிவு ஏகமனதானது."

ஏகமனதாம்.

வேலை விட்டு நேராக ஹாஜியார் வீடு.
"நான் தேத்தண்ணி நேரம் சொன்னேன் தானே ஹாஜியார்?"
"ஓ மகள், சொன்னீங்க. ஆனா அதுல இல்லயே."
"நீங்களும் சரிண்டு சொன்னீங்க."
"நான் சொன்னதும் அதுல இல்ல. தேத்தண்ணி வந்தா ஃபோன ஓஃப் பண்ணுறது. சாப்பிடுற சத்தம் அதுக்கு என்னத்துக்கு?"

சொன்ன மனுஷனே தான் சொன்னது செல்லாது என்கிறார். வால்வுச் சாவி அவர் சேர்ட் பையில்தான். போய்த் திருகினால் முடிந்தது. மாமி கதவோரம் நின்று நிலத்தைப் பார்த்தா.

பெப். 6, வியாழன்
தண்ணீர் இல்லாத நாள். பீப்பாவின் அடியில் கலங்கல் கசண்டு மட்டும். உம்மாவுக்கு விடியவே வயிறு போயிருந்தது. கீழ் வீட்டுக் குழாயிலிருந்து வாளி வாளியாகப் படியேற்றம். மடவளை பஸ் போய்விட்டது. ஃபார்மசிக்குப் பிந்திப் போனேன். முதலாளி மணிக்கூட்டைப் பார்த்தார்.

பின்னேரம் உம்மா சொன்னது: "நான் தண்ணி குடிக்கிறத கொறச்சிட்டேன் மகள். அப்ப உனக்கு கழுவுற வேல கொறயும்."

யாரையாவது அறைய வேண்டும் போல. குரூப்பில் எழுதினேன், மேல் லைனுக்குத் தினமும் தண்ணீர் வேண்டும் என்று. ஏஐ பதில்: "உங்கள் கருத்துக்கு நன்றி. கூட்டத்தில் பதிவாகும் காரணங்கள் மட்டுமே பரிசீலிக்கப்படும்." மரியாதை வேறு. ஒரு மனுஷன் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அந்தப் பதிலுக்கும் கட்டைவிரல் போட்டிருக்கிறார்கள், வெக்கங்கெட்டவர்கள்.

பெப். 9, ஞாயிறு
நோன்பு காலத் தண்ணீருக்காக இன்னொரு கூட்டம். உள்ளறையில் இருக்கவில்லை. கதிரையைத் தூக்கிக்கொண்டு ஹோலுக்குப் போய் ஃபோனுக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஆண்கள் காலை இழுத்துக்கொண்டார்கள். வேண்டியதைச் சொன்னேன்.

"தினமும் நீர் தேவைப்படக் காரணம் என்ன?" ஃபோனிலிருந்து பெண் குரல். செய்தி வாசிப்பது போல.
"உம்மாவுக்கு சுகமில்ல."
"எவ்வகையான சுகவீனம்? நீர்த் தேவையை மதிப்பிட இது உதவும்."

ஹாஜியாரைப் பார்த்தேன். ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். போதும் என்று ஒருவராவது சொல்லட்டும் என்று காத்திருந்தேன். இவ்வளவு பேரில் ஒருவர். இல்லை.

"படுக்கயிலதான் எல்லாம் போறா. ஒவ்வொரு நாளும் விரிப்பு, உடுப்பு, மெத்த எல்லாம் கழுவுறேன். போதுமா?"
"நன்றி. பதிவு செய்யப்பட்டது."

தேத்தண்ணி வந்தது. குடிக்கவில்லை.

பெப். 10, திங்கள்
ஜெயித்துவிட்டேன். "மேல் லைனுக்கும் இனித் தினமும் நீர். காரணம்: உறுப்பினரின் தாயார் படுக்கையிலேயே மலசலம் கழிப்பதால்." தாயார் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் உம்மாவின் முழுப் பெயர்; இங்கே அதை எழுதவில்லை. ஒரு சொல் பிழையில்லை. கீழே அழுகிற முகங்கள், இதயங்கள்.

அந்த குரூப்பில் பாதிப் பேர் உம்மாவிடம் குர்ஆன் ஓதியவர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு முன்னாலும் முந்தானை நழுவ விடாதவ அவ.

பஸ் தரிப்பில் ஸரீனா மாமி. முகம் வாடியிருந்தது. "நான் அவருக்கு உம்மாட விஷயம் ஒண்ணும் சொல்லல்ல மகள். டீச்சர்ட வீட்டுக்கு தண்ணி வேணும், அவ்வளவுதான் சொன்ன. அவரும் என்னத்துக்குண்டு கேக்கல்ல." எத்தனை வருடமாக எத்தனை வீட்டு விஷயம் அந்த மனுஷியின் வாய்க்குள் நின்றிருக்கிறது. அதைத்தான் ஓஃப் பண்ணி வைத்தார்கள்.

பெப். 11, செவ்வாய்
விடிய வெயிலுக்கு முன்னமே தண்ணீர் வந்தது. நல்ல வேகம்.

நேற்று நான் இல்லாத நேரம் உம்மாவின் பழைய மாணவி ஒருத்தி கஞ்சியோடு வந்தாளாம். கையைப் பிடித்து அழுதாளாம். "குரூப்ல பாத்து மனசு தாங்கல்ல டீச்சர்."

உம்மா இன்று கேட்டா: "குரூப்ல என்னத்த எழுதி ஈக்கி? வாசி."
மறைக்கப் பார்த்தேன். விடவில்லை. வாசித்தேன்.

போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டா. சுடுதண்ணீர் கலந்து வாளியைக் கட்டிலடிக்குக் கொண்டுபோனேன்.
"தொடாத."

பஸ்ஸுக்கு நேரமாகிறது. பீப்பா நிரம்பி முற்றத்தில் வழிகிறது. உம்மா இன்னும் கழுவ விடவில்லை.