அக்ஸாவுக்குப் போய்ச் சேராத எண்ணெய்

என் மச்சான் ஜவாஹிருக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. பீலெஃபெல்டில் சொல்லும்படியாக ஒன்றும் மாறவில்லை. நாம் இருவரும் ஆஸ்பத்திரித் துணி வெளுத்த தொழிற்சாலையை மூடப்போகிறார்கள். அறிவிப்பைத் தமிழிலும் ஒட்டியிருக்கிறார்கள். இத்தனை வருடம் இல்லாத மரியாதை நம் மொழிக்கு இப்போது கிடைத்திருக்கிறது.

எங்கள் பங்குத் தந்தை எருசலேம் யாத்திரையை இந்த வருடமும் தள்ளிவைத்துவிட்டார். நிலைமை சீரானதும் போகலாம் என்று எழுதியிருக்கிறார். அந்த ஊரின் நிலைமை எந்த நூற்றாண்டில் சீராக இருந்தது என்று கேட்க நினைத்தேன். அவர் வரலாறு படித்தவர். சங்கடப்படுவார் என்று விட்டுவிட்டேன்.

எனக்கு எருசலேம், உனக்கு பைத்துல் முகத்தஸ். ஊர் ஒன்றுதான். ஒருநாள் தேநீர் இடைவேளையில் உன்னைக் கேட்டேன், நினைவிருக்கிறதா?

“எங்களுக்கெண்டால் கர்த்தர் பாடுபட்ட ஊர். உங்களுக்கு மக்கா இருக்கு, மதீனா இருக்கு. அங்கை என்ன மச்சான் அலுவல்?”

“நாங்கள் முதல்முதலாத் தொழுதது அந்தப் பக்கம் பாத்துத்தான். மக்காவுக்குத் திரும்பினது பிறகு” என்றாய். “ஒரே இரவிலை நபிகள் நாயகத்தை மக்காவிலயிருந்து அங்கை கொண்டுபோனது. முந்தின நபிமார் எல்லாரும் அவருக்குப் பின்னாலை நிண்டு தொழுதவை, உங்கட ஈசா நபியும்தான். அங்கையிருந்துதான் வானத்துக்கு ஏறினவர். தொழுகை கடமையானது அந்தப் பயணத்திலைதான். முதல்லை ஒரு நாளைக்கு ஐம்பது நேரம். மூசா நபிதான் திரும்பிப் போய்க் குறைச்சுக் கேளுங்கோ எண்டவர்.”

“எங்கட மோசேயோ?”

“ஓம். அவர் சொல்லியிராட்டி ஐஞ்சு இல்லை, ஐம்பது. இந்த ஷிப்டிலை ஏலுமோ மச்சான்?”

அந்த நகரத்தைப் பற்றி நான் தடித்த புத்தகங்கள் பல படித்திருக்கிறேன். யார் எப்போது பிடித்தார், யார் எப்போது இடித்தார் என்று எல்லாவற்றிலும் இருக்கிறது. அழுக்குத் துணி வண்டிகளுக்கு நடுவே அட்டையை விரித்து நீ தொழுவதற்கும் அந்த ஊருக்கும் என்ன தொடர்பு என்று ஒன்றிலும் இல்லை. உன்னைப் பொறுத்தவரை தொழுகை கிடைத்த பயணம் அந்த ஊரின் வாசல் வழியாகத்தான் போனது. ஆயுளில் ஒருமுறையாவது அங்கே நின்று தொழவேண்டும் என்பது உன் ஆசை.

அதற்குள் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. கிழமைக்கு மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு உன்னைக் கட்டிவைத்தார்கள். எங்கள் பங்கு யாத்திரை கடைசியாகப் போன வருடம், அதற்கு நான் பெயர் கொடுத்த அன்று, தமிழ்க் கடை நல்லெண்ணெய்ப் போத்தல் ஒன்றோடு என் வீட்டுக்கு வந்தாய். அங்கே அக்ஸா பள்ளிவாசலுக்குப் போக முடியாதவர் அதன் விளக்குகளுக்கு எண்ணெயாவது அனுப்பட்டும், அனுப்பியவர் அங்கே போனவரைப் போல என்று ஒரு நபிமொழி இருக்கிறதாம்.

“அங்கை கரண்ட் இருக்கு மச்சான்” என்றேன்.

“கரண்ட் இருக்கிறது அவையின்ர விஷயம். எண்ணெய் அனுப்புறது என்ர விஷயம்.”

“நல்லெண்ணெயோ? அந்த ஊரிலை ஒலிவ் எண்ணெய் ஆறா ஓடுது.”

“அதைத்தான் எல்லாரும் அனுப்புவினம். நீ கொண்டுபோ.”

கொண்டுபோனேன். இனி எழுதுவது உனக்குத் தெரியாதது.

எங்களுக்குக் கிடைத்த ஒரு மணி நேர ஓய்வு ஒரு வெள்ளிக்கிழமையில் வந்தது. அக்ஸா வளாகத்துக்குள் மற்ற மதத்தவர் நுழையும் வழி அன்று அடைப்பு. கடைத்தெரு வழியாக வேறொரு வாசலுக்குப் போனேன். காவலுக்கு நின்றவன் “முஸ்லிமா?” என்றான். இல்லை என்றேன். கையால் போ என்று காட்டினான். தொழுகைக்குப் போகிறவர்கள் என்னைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களில் எவர் கையிலாவது போத்தலைக் கொடுத்திருக்கலாம். இரண்டு சொல் பேசியிருந்தால் போதும். ஆனால் பஸ் புறப்பட இருபது நிமிடமே இருந்தது. ஜேர்மனியில் இத்தனை வருடம் வாழ்ந்தவனுக்குப் பஸ்ஸைத் தவறவிடுவது பெரிய பாவமாகத் தெரிந்தது.

மாலைத் திருப்பலிக்குப் போன தேவாலயத்தில், பீடத்துக்கு முன்னால் தொங்கிய விளக்கைப் பார்த்துக்கொண்ட கிழவரிடம் போத்தலைக் கொடுத்தேன். அவர் மோந்து பார்த்தார், முகம் சுளித்தார், ஊற்றிவிட்டார்.

அன்று தொலைபேசியில் “அக்ஸாவுக்கு உள்ளையோ குடுத்தனீ?” என்று கேட்டாய்.

“ஓம் மச்சான், உள்ளதான்.”

 மறுமுனையில் நீ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. உண்மையைச் சொல்ல எனக்கு அந்த ஒரு நிமிடம்தான் இருந்தது.

அதற்குப் பிறகு பங்கு மண்டபத்தில் நடந்த மத நல்லிணக்க மாலை. மூன்று மதம், மூன்று வகைக் கேக். எருசலேம் முஸ்லிம்களுக்கு ஏன் புனிதமானது என்று சொல்ல உனக்கு ஐந்து நிமிடம் தந்தார்கள். நீ அந்த வானேறிய இரவுப் பயணத்தை, மிஃராஜை, சுருக்கிச் சொல்லிவிட்டு என்னைக் கைகாட்டினாய். “நான் போகவில்லை. என் கிறிஸ்தவ நண்பன் என் எண்ணெயைக் கொண்டுபோனான். அது அங்கே எரிந்தது” என்று உன் ஜேர்மன் மொழியில் சொன்னாய். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். ஒரு அம்மா கண்ணைத் துடைத்தார். பங்கு மடலில் நம் படம் வந்தது. நான் கேக் சாப்பிட்டேன்.

எல்லாம் ஒரே கடவுளின் விளக்குத்தானே என்று என்னைத் தேற்ற ஆட்கள் இருக்கிறார்கள். அந்த மண்டபம் நிறைய இருக்கிறார்கள். உனக்கு அது ஒன்றல்ல. நீ கேட்டது ஒரு வாசல், நான் கொடுத்தது வேறு வாசல்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆயுதம் தூக்கிய எங்கள் தமிழ் இயக்கம் முஸ்லிம்களான உங்களை நம் ஊர் மன்னாரிலிருந்து வெளியேற்றிய நாளில், மூட்டை முடிச்சோடு நீங்கள் பள்ளிவாசலைத் தாண்டிப் போவதை நான் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். உன்னை அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் பேசியிருக்க மாட்டேன். ஒரு ஊரை எப்படிப் பகிர்வது என்று எருசலேம்காரருக்குப் புத்தி சொல்ல எனக்கு வாய் வராதது அதனால்தான்.

கடைசிக் கிழமை ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: “மன்னாரிலை ஒண்டுமில்லை. இஞ்சையும் ஒண்டுமில்லை. அந்த எண்ணெயாலை அங்கை மட்டும் எனக்கொரு பங்கு இருக்கு மச்சான்.” நான் தலையாட்டினேன்.

அடுத்த மாதம் மறுபடி அந்த நல்லிணக்க மாலை வருகிறது. உன் நினைவாக நான் எண்ணெய்க் கதையைச் சொல்லவேண்டுமாம். அழைப்பிதழில் அச்சடித்தும் விட்டார்கள். அதைப் பார்த்த பிறகுதான் உன் மகள் ரிஸ்னாவின் வீட்டுக்குப் போனேன். தேநீர் போட்டுக்கொண்டிருந்தவளிடம் சொன்னேன்.

“அது உள்ள போகேல்லைப் பிள்ளை. சேர்ச் விளக்கிலை ஊத்தினது.”

அவள் கேத்தலைக் கீழே வைத்தாள். “வாப்பா கடைசியாச் சொன்னது உங்களுக்கு ஞாபகமோ அங்கிள்?”

“ஞாபகம்.”

“அப்ப பக்கத்திலை இருந்தது நீங்கள்தானே?”

“ஓம்.”

“இப்ப எனக்குச் சொல்லி என்ன? வாப்பாட்டையெல்லோ சொல்லியிருக்கோணும்.”

தேநீர் வரவில்லை. நானும் எழுந்து வந்துவிட்டேன். அவள் சொன்னதில் பிழை காண முடியவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். இறந்தவர்கள் கேட்பார்கள் என்று உன் மார்க்கத்திலும் என் மதத்திலும் சொல்கிறவர்கள் உண்டு. யாரும் நிரூபித்ததில்லை.

அன்று மேடையில் இந்தக் கடிதத்தைத்தான் வாசிப்பேன். கைதட்டல் இராது. ரிஸ்னா வருவாளா தெரியவில்லை. வேறொரு போத்தலோடு போய்வருகிறேன் என்று உனக்கு வாக்குத் தரமுடியாது. யாத்திரை இல்லை, என் இதயத்துக்கும் இரண்டு குழாய் வைத்தாயிற்று, அந்த வாசலில் இன்றைக்கு யாரை விடுகிறார்கள் என்று செய்தியைப் பார்த்தாலும் விளங்கவில்லை. நான் தரக்கூடிய வாக்கு ஒன்றுதான். போய்ச் சேராத எண்ணெயை வைத்து, உனக்கு அங்கே ஒரு பங்கு இருக்கிறது என்று இனி எவரிடமும் சொல்லமாட்டேன்.

வாசலோடு திரும்பி வந்த உன் மச்சான்,
செபமாலை