என் விளம்பரத்தைத் தட்டிய எதிரி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், என் மானத்துக்குத்தான் செவ்வாய்க்கிழமையிலிருந்து உடம்பு சரியில்லை. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். போனில் சொன்னால் நீ சிரிப்பாய், எனக்குக் கோபம் வரும், அதனால்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிறு என்ன சொன்னாய்? நம் வாஷிங் மெஷின் ரிப்பேர் கடைக்கு நீ இணையத்தில் போட்ட விளம்பரத்தை, நம் ஏரியாவிலிருந்தே யாரோ தினமும் காலையில் தட்டித் தட்டி, அதற்கென்று நீ கட்டிய அன்றைய தொகையைப் பத்து மணிக்குள் தீர்த்துவிடுகிறார்கள், அதற்கப்புறம் தேடுகிற வாடிக்கையாளர் கண்ணில் நம் கடை படுவதே இல்லை என்றாய். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. யார் செய்வான், எதிர்வரிசை ஃபிரிட்ஜ் மெக்கானிக்தான் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு, செவ்வாய்க்கிழமை அவர் கடையில் நாலு பேர் நிற்கும்போது போய், என் பிழைப்பில் ஏன்யா கை வைக்கிறாய் என்று கத்தினேன். அந்த மனுஷன் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து ரப்பர்பேண்டு போட்ட பட்டன் போனை எடுத்து நீட்டி, அண்ணே, இதுல எங்க தட்டுறதுன்னு நீங்களே காட்டுங்க என்றார். நின்றவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. உங்க போன்ல அந்த விளம்பரத்தைக் காட்டுங்க பார்ப்போம் என்றார். காட்டினேன், தட்டினேன். தட்டியபோதுதான் உறைத்தது, தினமும் கடை திறந்ததும் நான் செய்கிற முதல் வேலையே இதுதான் என்று. அது போதாதென்று உன் அம்மா, காலையில் அவள் நடத்துகிற தையல் வகுப்புக்கு வருகிற அத்தனை பேரிடமும், எங்க வீட்டுக்காரர் கடை மேலேயே வருது பாரு, தொட்டுப் பாரு என்று பெருமை அடிக்கிறாளாம். எதிரி வெளியில் இல்லை, நம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.

உன் மேலும் எனக்குக் கோபம்தான். ஒரு மணி நேரம் பாடம் எடுத்தாயே, ஒருவர் ஒரு சொல்லைத் தேடினால் அந்தச் சொல்லுக்குப் பணம் கட்டத் தயாராக இருக்கிற கடைகள் போட்டி போடும், யார் எவ்வளவு தருகிறார், யார் விளம்பரம் பொருத்தம் என்று பார்த்து வரிசை வரும், பார்த்துவிட்டுப் போனால் செலவில்லை, தொட்டால்தான் காசு என்று. எல்லாம் சொன்னவள், அப்பா நீங்க தொடாதீங்க என்று ஒரு வார்த்தை சொன்னாயா? அப்புறம், "சலவை இயந்திரப் பழுது நீக்கம்" என்று எந்த மகராசி தேடுவாள்? வீடு முழுக்க நுரையாக நிற்கும்போது "மெஷின் தண்ணி வெளிய விடல" என்றுதான் அடிப்பாள். அதைப் போடு. வெறும் "வாஷிங் மெஷின்" என்பதை எடுத்துவிடு. புது மெஷின் என்ன விலை, வேலைக்கு ஆள் எடுக்கிறீர்களா என்று கேட்டே தினம் நாலு போன் வருகிறது. "விலை", "வேலைவாய்ப்பு" என்று தேடுகிறவர்களுக்கு நம் விளம்பரம் வராதபடி செய்ய முடியும் என்று நீதானே சொன்னாய், ஏன் செய்யவில்லை?

இந்த ஒரு மாதம் பார்ப்போம், ஆள் வராவிட்டால் கடையை மூடிவிட்டு எங்களோடு வந்து உட்காருங்கள் என்றாய். அங்கே வந்து எதைக் கழற்றி மாட்டுவேன், உன் வீட்டு மெஷின் ஒன்றையா? என் விரலே கெடுத்த மாதத்தை வைத்து என் கடைக்குக் கணக்கு முடிக்காதே. இன்னொரு மாதம் கொடு. அம்மா போனையும் சேர்த்து நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஃபிரிட்ஜ்காரரிடம் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது. பெரிய மனுஷன், காபி வாங்கிக் கொடுத்தார். எல்லாரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக இருங்கள். குட்டிக்குத் தடுப்பூசித் தேதி மறந்துவிடாதே.

காபி குடிக்கும்போது அவர், உங்க விளம்பரத்தை நீங்களே ஏண்ணே தினம் தொட்டீங்க என்று கேட்டார். சரியா வருதான்னு பார்த்தேன் என்று சமாளித்தேன். தொட்டால் திறக்கிற பக்கத்தில், என் படத்துக்குக் கீழே, "இவர் பழுது பார்த்த பழைய மெஷினில் துவைத்த சீருடையைப் போட்டுக்கொண்டுதான் பத்து வருடம் பள்ளிக்கூடம் போனேன்" என்று நீ எழுதியிருக்கிறாயே, அதைப் படிக்கத்தான் என்று அவரிடம் சொல்லவில்லை.

இப்படிக்கு,
அப்பா