விழத் தெரிந்த அக்காவுக்கு

என் தனம் அக்கா,

இதை யாரிடமும் காட்டாதே. அங்கே அம்மாவைப் பார்த்தால் அம்மாவிடமும் காட்டாதே, தாங்க மாட்டாள். அறைக் கதவைச் சாத்தி, விளக்கைத் தாழ்த்தி வைத்து எழுதுகிறேன்.

டிரில் டீச்சர் ஜூடோவில், தானே விழுந்து எதிராளியை எறியச் சொல்லிக் கொடுத்தது நினைவிருக்கிறதா? எதிராளியின் சட்டைக் கழுத்தைப் பிடித்தபடி மல்லாக்க விழ வேண்டும். விழும்போதே பாதத்தை அவள் வயிற்றில் வைத்துத் தள்ளினால், நம் தலைக்கு மேலே பறந்து போவாள். அப்பாவின் பழைய சட்டைகளை மாட்டிக்கொண்டு நீயும் நானும் பழகினோம். உன் கால் என்மேல் பட்டதுமே பிடியை விட்டுவிடுவாய். என்னைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாய். நீ மட்டும் பொத்தென்று கிடப்பாய். நான் நின்றுகொண்டிருப்பேன்.

"ஏம்மா தனம், கும்பிட்டுக்கினே சண்ட போடுவியா?" என்று டீச்சர் கேட்டார்.

"கால் பட்டுட்ச்சே டீச்சர், பாவம்" என்றாய். வகுப்பே சிரித்தது.

ஆனால் விழுவதில் உன்னை மிஞ்ச ஆளில்லை. முகவாயை நெஞ்சோடு ஒட்ட வேண்டும், தலை தரையில் படக்கூடாது. அதுதான் முதல் பாடம். தூக்கத்தில் தள்ளிவிட்டாலும் உன் தலை படாது. அப்படியானால் வாலாஜாபாத்தில் உன் புருஷன் வீட்டுப் படியில் கால் வழுக்கியபோது உன் பின்னந்தலை எப்படி உடைந்தது, அக்கா?

அப்பாவிடம் கேட்டேன். "வாய மூடு. பொம்பளப் புள்ள பேசற பேச்சா இது?" என்றார். தறியில் நாடாவை முன்னிலும் வேகமாக ஓட்டினார்.

உன் புருஷனுக்கே என்னைக் கொடுக்கிறார்கள். விடிந்தால் தட்டு மாற்றுகிறார்கள். மாமா இன்றைக்கே வந்து கூடத்தில் படுத்திருக்கிறார். "கொழந்தைக்கு ஒன்னவுட்டா யாரும்மா இருக்குது?" என்கிறார் அப்பா. உன் மகன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கும்போது எனக்கும் அந்தக் கையை விலக்க மனம் வருவதில்லை. டீச்சரும் மாற்றலாகிப் போய்விட்டார். வேறு யாரிடம் சொல்வேன்?

மாமாவின் எடையை என் கால் தாங்காது. அவர் பறக்க மாட்டார், தெரியும். நான்தான் விழுவேன். ஆனால் உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். என் கால் அவர்மேல் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ள மாட்டேன். பிடியை விட மாட்டேன்.

நீ எறியாமல் விட்ட உன் தங்கை,
மல்லிகா

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா இவ்வளவு மெதுவாகத் தட்ட மாட்டாரே, அக்கா