வேனுக்கு சார்ஜ் ஏறிவிட்டது

அன்பு மகன் மொட்டைக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம், நீயும் மருமகளும் ஏழு மாதச் சின்னவரும் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய், போனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் படுத்துக்கொண்டு வார்த்தைக்கு வார்த்தை திருத்தம் சொல்கிறார், தாளில் அந்தத் தொல்லை இல்லை. பிழை இருந்தால் சிரித்துவிட்டுப் போ, நான் பள்ளிக்கூடம் போனதே ஐந்து வருடம், அதிலும் பாதி நாள் வயிற்றுவலி என்று பொய் சொல்லி வீட்டில் இருந்தவள்.

உனக்குத்தான் தெரியுமே, முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு அப்பாவால் கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது, பஸ்ஸும் ரயிலும் ஆகாது. நம் பழைய வேனில் கட்டில் இருப்பதால் படுத்தபடியே உன் வீட்டுக்கு வந்துவிடலாம், அதை விட்டால் பேரன் முகத்தைப் பார்க்க அவருக்கு வேறு வழி இல்லை. அந்த வேன்தான் போன மாதம் முழுக்க எங்களைப் பாடாய்ப் படுத்தியது. காலையில் சாவியைத் திருப்பினால் டிக் என்று ஒரு சத்தம், அதோடு சரி. நீ போனிலேயே பேட்டரியை மாத்தும்மா என்றாய், இன்ஜினியர் வாயால் வந்துவிட்டதே என்று மாற்றினோம், புது பேட்டரியும் நாலாம் நாள் படுத்துக்கொண்டது. உன் படிப்புக்கு நான் கொடுத்த மரியாதையில் கொஞ்சம் திருப்பி எடுத்துக்கொண்டேன், கோபித்துக்கொள்ளாதே.

அப்புறம் முனைக்கடை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன், மீசையே இல்லாமல் மீசைக்காரர் என்று பெயர் வாங்கினாரே, அவர்தான். பேட்டரி முனையில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை வெந்நீர் ஊற்றித் தேய்த்தார், பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, தொளதொளவென்று இருந்ததை இறுக்கினார், பிறகு மீட்டரை வைத்தார். வண்டி நிற்கும்போது பன்னிரண்டரை வோல்ட் காட்டியது. ஓடும்போது பதினாலு காட்ட வேண்டுமாம், காட்டியது பன்னிரண்டேகால். ஓடுறப்ப ஏறணும்க்கா, இது இறங்குது, சார்ஜ் ஏத்துற டைனமோ போச்சு, இவ்வளவு பழைய வண்டிக்கு வேற கிடைக்க ரெண்டு மாசம் ஆகும் என்றார். அதைக் கேட்டதும் அப்பா, வேனைக் கொடுத்துடு, பேரன் வளந்து அவனே என்னைத் தேடி வரட்டும் என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். இரண்டு நாள் நான் என்ன கிண்டல் செய்தாலும் சரி சரி என்று தலையாட்டினார். அந்த மனுஷன் பதிலுக்குப் பதில் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை, உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் டைனமோவைக் கழற்ற வந்த மீசைக்காரர் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டே சாவியைத் திருப்பினார், ஆமா, இங்க பேட்டரி படம் போட்டு ஒரு சிவப்பு லைட் எரியணுமே, அது எங்க என்று கேட்டார். அப்போதுதான் நான் செய்த கூத்து ஞாபகம் வந்தது. அந்தக் கூத்தை உனக்கும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவை வேனில் நான் ஓட்டிக்கொண்டு வந்த நாளில் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அந்த லைட் மினுக்மினுக்கென்றது, அப்பா பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, சிவப்பு எரியுது, நிறுத்து நிறுத்து என்று கத்திக்கொண்டே வந்தார். தையல் பிரிந்துவிடப் போகிறதே என்று, வீட்டுக்கு வந்ததும் யாருக்கும் சொல்லாமல் அந்த பல்பைப் பிடுங்கிப் பொத்தான் டப்பாவில் போட்டுவிட்டேன். மீசைக்காரரிடம் ஒப்புக்கொண்டதும் அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பழைய வண்டியில் அந்த பல்பு வழியாகத்தான் டைனமோவுக்கு முதல் கரண்ட் போகுமாம், அது இல்லாவிட்டால் டைனமோ தூங்கிக்கொண்டே சுற்றுமாம். வேகமா விரட்டினா சில சமயம் அதுவே முழிச்சுக்கும், நீங்க ஓட்டுற ஓட்டத்துக்கு அது எங்கக்கா முழிக்கும் என்று வேறு கேட்டார். அப்பாவின் முதுகுக்காக மெதுவாக ஓட்டினேன், அவர் மனதுக்காக பல்பைப் பிடுங்கினேன், இரண்டு நல்ல காரியமும் சேர்ந்து வண்டியைக் கவிழ்த்துவிட்டது பார்.

பல்பை மாட்டினோம், சிவப்பு எரிந்தது, இன்ஜின் ஓடியதும் அணைந்தது, மீட்டர் பதினாலுக்கு மேல் போனது. ஹெட்லைட், ஃபேன், பின்னால் இருக்கும் சின்ன ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தும் பதிமூணே முக்காலுக்குக் கீழே இறங்கவில்லை. அப்பா வாசலில் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன், இனிமே என் பயத்தை எடுக்கணும்னா என்கிட்ட பேசு, வண்டிகிட்ட போகாதே என்றார். அப்புறம் அவர் சிரித்த சிரிப்பில் மாடி வீட்டம்மா என்னவோ ஏதோ என்று இறங்கி வந்துவிட்டாள்.

அதனால் அடுத்த மாதம் முதல் புதன்கிழமை கிளம்புகிறோம், பகலில் மட்டும் ஓட்டி மூன்றாம் நாள் வந்துவிடுவோம். வேன் நீளம், உன் வாசலில் யார் காரையும் நிறுத்த விடாதே. மருமகளை வீட்டை ஒழுங்குபடுத்தச் சொல்லி விரட்டாதே, உன் பழைய அறையைப் பார்த்தவள் நான், எதற்கும் அதிர்ச்சி அடைய மாட்டேன்.

இன்னொரு விஷயம், அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். மத்தியானம் நான் தூங்குகிறேன் என்று நினைத்து அவர் சமையலறை நாற்காலியில் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்து பழகுகிறார். மாவுப் பையை ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்கிறார், ஒரு கை அதன் கழுத்துக்குக் கீழே. நேற்று இருபத்திரண்டு நிமிடம் உட்கார்ந்தார்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் வயிறும் மனசும் நிறைந்து இருங்கள், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. சின்னவர் இப்போது எத்தனை கிலோ என்று மறக்காமல் என் போனுக்கு மட்டும் எழுதி அனுப்பு. பையில் இருப்பது ஏழு கிலோ, அது சின்னவரைவிடக் குறைவாக இருந்தால் நான் சத்தமில்லாமல் கொஞ்சம் மாவைச் சேர்த்துவிடுவேன்.

இப்படிக்கு,
பல்பைப் பிடுங்கிய உன் அம்மா