மூன்றாவது பொட்டு

என் மாமாவுக்கு,

நீங்கள் போய் வருடம் ஒன்று ஆகப்போகிறது. இத்தனை நாள் ஒரு வரி எழுதாதவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். நேற்று உங்கள் பியட் காரின் மேலிருந்த தார்ப்பாயை எடுத்தோம்.

திதிக்குள் காரை முடித்துவிட வேண்டும் என்று உங்கள் தம்பி சேகர் ஒற்றைக் காலில் நின்றார். மூன்று வருடம் துரு சுரண்டி, டிராக்டர் கொட்டகையிலேயே கம்ப்ரசர் வைத்து நீங்கள் கிரீம் கலர் அடித்த வண்டி. பெயிண்ட் ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கும், தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பரால் தேய்த்து, பிறகு பாலீஷ் போட்டால்தான் மினுக்கும் என்று நீங்கள் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம். அதுவரை ஒரு மாதம் காய வேண்டும், யாரும் கை வைக்கக் கூடாது என்றும் சொன்னீர்கள். அதைத்தான் நான் காதில் வாங்கவில்லை.

பெயிண்ட் அடித்த நாலாம் நாள் ஆயுத பூஜை. மண்வெட்டிக்கும் மோட்டாருக்கும் பொட்டு வைத்தவள், நீங்கள் உயிரை விட்டுச் செய்த வண்டியை மட்டும் வெறும் நெற்றியோடு விடுவேனா? பானெட்டில் வரிசையாக மூன்று இடத்தில் சந்தனம் குழைத்து வைத்து, அதன்மேல் ஈரக் குங்குமத்தை அழுத்தினேன். மறுநாள் துடைத்தபோது சந்தனம் வந்தது. சிவப்பு வரவில்லை.

"இன்னாடி பண்ணி வச்சிருக்க? காயாத பெயிண்டுடி இது. உள்ள வரைக்கும் எறங்கிப்போச்சு. பானெட்டு மொத்தமும் சொரண்டிட்டு மறுபடி அடிக்கணும்."

"சாமிக்குத்தான வச்சேன்?"

அவ்வளவுதான் நாம் பேசியது. நீங்கள் தார்ப்பாயைப் போட்டு மூடினீர்கள், நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். எட்டு நாள் அப்படியே ஓடியது. ஒன்பதாம் நாள் காலை மடை திறக்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், பாகூர் ஏரிக்கரையைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் கொட்டகைப் பக்கமே நான் போகவில்லை. என் பொட்டுதான் உங்கள் நெஞ்சை அடைத்தது என்று யாரிடமும் சொல்லாமல் ஒரு வருடம் வைத்திருந்தேன்.

நேற்று தார்ப்பாயை எடுத்ததும் நான் முதலில் பார்த்தது அந்தக் கறைகளைத்தான். இரண்டுதான் இருந்தன.

"மூணு வச்சேனே தம்பி" என்றேன்.

"ரெண்டுதான் வச்சிருப்பீங்க அண்ணி. மறந்திருப்பீங்க."

எனக்கா மறக்கும்? பூஜை அன்று தங்கச்சிக்கு அனுப்பிய போட்டோவைப் போனில் தேடி எடுத்துக் காட்டினேன். மூன்று பொட்டு, பளிச்சென்று. சேகர் வலது ஓரத்தில் குனிந்து, விரலால் தடவிப் பார்த்தார். உள்ளங்கை அகலத்துக்கு அந்த இடம் மட்டும் மழமழவென்று, பாலீஷ் காணாமல் மங்கிக் கிடந்தது.

"அண்ணன் இத தேய்ச்சிருக்குது அண்ணி. கறை மேலாகத்தான் இருந்திருக்குது. பெயிண்டுக்கு ஒண்ணும் ஆவல."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அப்படியென்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. மறுபடி அடிக்க வேண்டியதில்லை, நான் ஒன்றும் குடியைக் கெடுத்துவிடவில்லை என்று தெரிந்திருக்கிறது. பிறகு ஏன் என்னிடம் சொல்லவில்லை? கத்தியதை நினைத்து வெட்கமா? மூன்றையும் எடுத்துவிட்டுக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று இருந்தீர்களா? இல்லை, இவள் இன்னும் நாலு நாள் வேகட்டும் என்று இரண்டை விட்டு வைத்தீர்களா? உங்கள் குணத்துக்கு அதுவும் செய்வீர்கள்.

"வேற வேல வந்திருக்கும், பாதில விட்டிருக்கும். அண்ணனப் பத்தித் தெரியாதா?" என்றார் சேகர். அதுவும் இருக்கலாம்.

மீதி இரண்டையும் நானே தேய்க்கிறேன் என்று பேப்பரை வாங்கிக்கொண்டேன். சோப்புத் தண்ணீர் விட்டு, ரப்பர் கட்டையில் பேப்பரைச் சுற்றி, அழுத்தாமல் தேய்க்கச் சொன்னார். முதல் கறை பத்துத் தேய்ப்புக்குள் போய்விட்டது. பத்துத் தேய்ப்பு, மாமா. இதற்கா நாம் எட்டு நாள் பேசாமல் இருந்தோம்? எனக்கு வந்தது சிரிப்பா அழுகையா என்று சேகருக்கும் தெரியவில்லை, திரும்பி நின்றுகொண்டார்.

இரண்டாவதையும் முடித்துவிட்டுக் கையைக் கழுவப் போனபோதுதான் பார்த்தேன். என் நகக்கண் எல்லாம் கிரீம் கலர்.

எட்டாம் நாள் சாயங்காலம் "டீ போடேன்" என்றீர்களே, நினைவிருக்கிறதா? எட்டு நாளில் நீங்களாகப் பேசிய ஒரே வார்த்தை. நான் வாயைத் திறக்காமல் டம்ளரை ணங்கென்று வைத்தேன். எடுக்க நீட்டிய உங்கள் விரல் நுனியில் இதே நிறம் இருந்தது. மாட்டுக்குத் தவிடு வைத்த கை, கழுவாமல் வந்திருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். உள்ளேயிருந்து பார்த்தபோது நீங்கள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றீர்கள். எதையோ சொல்லத்தான் நின்றீர்களா? இல்லை, டீ சூடாக இருந்ததா?

இதற்கு இனி யாரும் பதில் சொல்லப்போவதில்லை. ஒரு நேரம் நிம்மதியாக இருக்கிறது, ஒரு நேரம் முன்னைவிட வலிக்கிறது. உங்கள் மேல் கோபமா என் மேல் கோபமா என்றுகூடப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பானெட்டுக்கு பாலீஷ் போட்டாயிற்று. கதவுகள் மட்டும் பாக்கி, திதிக்குள் முடிந்துவிடும். வருகிற ஆயுத பூஜைக்கும் அதே இடத்தில் மூன்று பொட்டு வைக்கத்தான் போகிறேன். பெயிண்ட் நன்றாகக் காய்ந்துவிட்டது, பயப்படாதீர்கள். அன்று சாயங்காலம் கொட்டகையில் உங்களுக்கு ஒரு டம்ளர் டீயும் வைப்பேன். இந்த முறை வைத்துவிட்டு உள்ளே போக மாட்டேன். ஆறி முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் அத்தை மகளும் வாய் மூடாத பெண்டாட்டியும், அந்த எட்டு நாள் மட்டும் மூடியிருந்தவளுமான
செல்வி