ஓரம் சீவாத தோல்துண்டு

அன்பு மகள் பூங்குழலிக்கு, அப்பா சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு ஹெலன் எழுதுவது. ஆம்பூரில் நானும் அம்மாவும் நலம், அம்மாவின் முட்டிவலியும் எங்களோடு நலமாகத்தான் இருக்கிறது. புனேயில் நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் நமக்குள் மூன்றாவது பேச்சிலேயே சண்டை வந்துவிடுகிறது, அதனால்தான் கடிதம். ஆவணி இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், பொங்கலுக்குப் புனேயிலிருந்து சைக்கிளிலேயே வருகிறேன் என்று நீ சொன்னாய். ஆயிரம் கிலோமீட்டர், பொம்பளைப் பிள்ளை தனியாக, வழியில் உனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். நீ பதில் சொல்வதற்குள், சைக்கிளில் வருவதானால் இந்த வீட்டுக்கு வராதே என்றும் சொல்லிவிட்டேன். சரிப்பா என்று வைத்துவிட்டாய். அன்றிலிருந்து அம்மாவிடம் மட்டும்தான் பேசுகிறாய், நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பது உனக்குத் தெரியாது.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நம் தெருமுனைப் பஞ்சர் கடையில் ஒரு பெண் சைக்கிளோடு நின்றிருந்தாள். பெயர் சரிதா, ஊர் நாக்பூர், உன் வயதுதான் இருக்கும். பெங்களூரிலிருந்து சென்னைக்குத் தனியாகப் போகிறவள். ஏதோ இரும்பு கிழித்துப் பின்சக்கர டயர் விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது. அந்த அளவு டயர் இங்கே கிடைக்காது என்று கடைக்காரர் கைவிரித்துவிட்டார். அவளுக்குத் தமிழ் தெரியாது, எதிர்வீட்டு அஃப்ஸர் ஜஹான்தான் உருதுவில் பேசி விஷயத்தைக் கேட்டுச் சொன்னாள், ராத்திரி தன் வீட்டிலேயே தங்கவும் வைத்துக்கொண்டாள். நான் சும்மா இருப்பேனா. ஷூ கம்பெனியில் முப்பத்தாறு வருஷம் தோல் வெட்டினவன் ஆயிற்றே, வீட்டில் கிடந்த எருமைத்தோலில் ஒரு துண்டு வெட்டி, கிழிசலுக்கு உள்பக்கமாக டியூபுக்கும் டயருக்கும் நடுவில் வைத்து, சென்னை வரை தாங்கும் போ என்று சொல்லிவிட்டேன்.

புதன்கிழமை காலை ஆறரைக்குக் கிளம்பினாள். ஒன்பது மணிக்கு இட்லியைப் பிட்டு வாயில் வைக்கும்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. துண்டின் ஓரத்தைச் சீவாமலே வைத்துவிட்டேன். சீவி மெலிசாக்காத ஓரம் உள்ளே கத்தி மாதிரி நின்று டியூபை அறுத்துக்கொண்டே இருக்கும். புதிதாக வேலைக்கு வந்தவர்களை இதற்காக எவ்வளவு திட்டியிருக்கிறேன். தெருவே சுற்றி நின்று பார்த்த பெருமையில் எனக்கே மறந்துவிட்டது. லாரி பறக்கிற ரோட்டில் ஒரு வீட்டுப் பிள்ளையை இப்படி அனுப்பிவிட்டேனே என்று இட்லியை அப்படியே வைத்துவிட்டு எதிர்வீட்டுக்கு ஓடினேன். அஃப்ஸர் ஜஹான் போன் போட்டாள், சரிதா எடுக்கவில்லை. ஹெலனின் வீட்டுக்காரன் சாமுவேல் ஸ்கூட்டரை எடுத்தான். இன்னாண்ணே, முப்பத்தாறு வருஷ சர்வீஸ் ஒரே டயர்ல போய்டுச்சே என்று வழியெல்லாம் மானத்தை வாங்கினான். இதை ஹெலன் சிரித்துக்கொண்டே எழுதுகிறாள்.

மாதனூர் டீக்கடையில் விசாரித்தோம். அந்தப் பொண்ணு பாட்டில்ல தண்ணி ரொப்பிக்கினு போச்சு, முன்னால பாலம் வேலை நடக்குது, ஓரமா போம்மான்னு கைகாட்டி அனுப்பினேன் என்றார் கடைக்காரர். பள்ளிகொண்டா டோல்கேட்டில் பெருக்குகிற அம்மா அவளைத் தன் நாற்காலியில் உட்காரவைத்து வாழைப்பழம் கொடுத்தாளாம். ஆனால் எங்களை மேலும் கீழும் பார்த்தாள். நீங்க யாரு, அந்தப் பொண்ண எதுக்குத் தேடுறீங்க, வண்டி நம்பரு எழுதிக்கினேன், அதுக்கு எதுனா ஆச்சுன்னா உங்களத்தான் புடிப்பேன் என்று அதட்டினாள். சாமுவேலுக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்கு மட்டும் அவள் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போல இருந்தது. அரை மணி நேரம் பார்த்த பிள்ளைக்காக அவள் இரண்டு ஆம்பளைகளை மடக்கி நிற்கவைத்தாளே.

சத்துவாச்சாரியில் ஒரு பஞ்சர் கடையில் சரிதா உட்கார்ந்திருந்தாள். டியூப் போயிருந்தது, நல்லவேளை, உடம்பில் கீறல்கூட இல்லை. கடைக்காரர் என் தோல்துண்டைத் தூக்கிக் காட்டி, எந்தப் பெருசு வெச்சது இதை, ஓரம் சீவத் தெரியாதா என்றார். நான்தான் என்றேன். அவரிடமே கத்தி வாங்கி, அங்கேயே குந்தி, ஓரத்தைக் காகிதம் மாதிரி சீவிக் கொடுத்தேன். சனிக்கிழமை சென்னையிலிருந்து அவள் போன் பண்ணினாள், புது டயர் மாட்டிவிட்டாளாம்.

ஒரு தப்பும் நடக்காது என்று நான் சொல்ல மாட்டேன், நடந்த தப்பு என்னுடையதுதான். ஆனால் யார் இருக்கிறார்கள் என்று உன்னைக் கேட்டேன் பார், அது தெரியாமல் கேட்டது. வீட்டுக்கு வராதே என்று நான் சொன்ன அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். பொங்கலுக்குச் சைக்கிளிலேயே வா. நாலு மணிக்கு மேல் ஓட்டாதே, பொம்பளைகள் இருக்கிற வீடாகப் பார்த்துத் தண்ணீர் கேள், தினமும் ராத்திரி எங்கே தங்கினாய் என்று அம்மாவுக்குச் சொல், இனிமேல் எனக்கும் சொல். நீ போகிற ரோடெல்லாம் உனக்கு நல்ல முகமாகவே கிடைக்கட்டும், நல்லபடியாக வந்து சேர் தாயே. நீ வருகிற அன்று நான் சாமுவேலோடு ஸ்கூட்டரில் வந்து வாணியம்பாடியில் நிற்பேன், வேண்டாம் என்று சொல்லாதே. உன்னை ஏற்றிக்கொண்டு வருவதற்காக இல்லை. நீ ஓட்டிக்கொண்டே போ, நான் பின்னால் வருகிறேன்.

இப்படிக்கு,
கையெழுத்து மட்டும் என்னுடையது,
உன் அப்பா பச்சையப்பன்